மலர்விழியின் இனிஷியல்

ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள எங்கள் கள்ளக்குறிச்சியில் வழிகளுக்கா பஞ்சம்? பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஊர்ப்பெயரைச் சொன்னாலே பாதி ஜாதகம் வந்துவிடும். நான் அதற்கு ஒரு மென்பொருள் எழுதினேன்.

எழுதியது அதற்காக இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏஐ ஏஜென்ட்களிடம் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடச் சொன்னால், இல்லாத கட்டுரையை இல்லாத ஆசிரியரோடு சேர்த்து அளந்துவிடும். அப்படி அளக்காமல் உண்மையான தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாவற்றையும் பார்த்துச் சொல்ல அவற்றுக்கு ஒரு கருவி வேண்டும் என்றார்கள். செய்தேன். (அம்மாவிடம் விளக்கியபோது, "அப்ப லைப்ரரி வேலைன்னு சொல்லு. கவர்மெண்டா?" என்றாள்.)

எந்தக் கருவியையும் ஏதாவது ஒரு பெயரைப் போட்டுச் சோதிக்க வேண்டும். உலகத்தில் எத்தனையோ பெரிய விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். நான் போட்ட பெயர் வி. மலர்விழி.

மலர்விழி என்னோடு கல்லூரியில் படித்தவள், கல்வராயன் மலைக்காரி. சாமைப் பயிரில் ஆராய்ச்சி செய்ய வெளியூர் கிளம்பியபோது, "லீவுல வருவேன். ஒரு தபா எங்க வூட்டுக்கு வா, சாமைச் சோறு ஆக்கச் சொல்றேன்" என்றாள். வருகிறேன் என்றேன். எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் அந்த மலை தெரியும். தினமும் பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்ப்பேன். போகத்தான் இல்லை. நல்ல வேலை கிடைக்கட்டும், சம்பளம் ஏறட்டும் என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டிருந்தேன்.

கருவி தயாரானதும் அவள் கட்டுரைகள் வரிசையாக வந்தன. புதிதாக ஒன்று வந்தால் எனக்குத் தகவல் வரும்படி செய்து வைத்தேன். நான் பார்த்தது கட்டுரையை அல்ல, இனிஷியலை. நம் பக்கத்தில் பெண்ணின் இனிஷியல் கல்யாணம்வரை அப்பாவுடையது, அதற்குப் பிறகு புருஷனுடையது. 'வி' என்றால் வீராசாமி, அவள் அப்பா. 'வி' இருக்கும்வரை எனக்கு நிம்மதி.

ஒருநாள் ஏஜென்ட் பணிவாகத் தெரிவித்தது: ஆர். மலர்விழி என்ற பெயரில் புதுக் கட்டுரை வந்திருக்கிறது, ஆராய்ச்சியாளர் அடையாள எண் ஒன்றாக இருப்பதால் இவரும் வி. மலர்விழியும் ஒருவரே. பெயர் மாறினாலும் ஆளைப் பிடித்துவிடுவதுதான் என் கருவியின் சிறப்பு. கம்பெனியில் பாராட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாரமே, அம்மா பார்த்து வைத்திருந்த மணலூர்பேட்டைப் பெண் சுதாவுக்குச் சம்மதம் சொன்னேன்.

கல்யாணப் பத்திரிகை அடித்து வந்ததும் மலைக்குப் போக ஒரு காரணம் கிடைத்தது. மஞ்சள் தடவிய உறையில் 'திரு. ஆர். அவர்கள், திருமதி மலர்விழி மற்றும் குடும்பத்தினர்' என்று எழுதினேன். புருஷன் ரமேஷா ராஜேந்திரனா என்று தெரியாது, அதனால் ஆர் போதும். (எவ்வளவு முன்யோசனை பாருங்கள்.) அந்த ஆருக்கு ஒரு வேட்டியும் வாங்கிக்கொண்டேன். ரொம்பப் பெரிய மனசு என்று எனக்கு நினைப்பு.

வெள்ளிமலை பஸ்ஸில் வளைவு வளைவாக ஏறி, விசாரித்து அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். லீவுக்கு வந்திருந்த மலர்விழி வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

உறையைக் கொடுத்தேன். படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"யாரு இந்த திரு. ஆர்?"

"உன் வூட்டுக்காரர்."

அவள் உள்ளே திரும்பி, "எம்மா, இங்க வாயேன். உனக்குப் பத்திரிகை வந்துகீது" என்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டு அவள் அம்மா ராமாயி வந்தார்.

"எங்கப்பா எங்கள விட்டுட்டுப் போய்ட்டாரு. படிக்க வெச்சது இவங்கதான். அதான் இவங்க இனிஷியலப் போட்டுக்கினேன்" என்றாள் மலர்விழி. "எனக்குக் கல்யாணம்னு உனக்கு யாரு சொன்னா?"

கருவியைப் பற்றிச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னப் பத்தித் தெரிஞ்சிக்க ஒரு மெஷினே செஞ்சிகீற. ஒரு போன் பண்ணல பாரு."

நான் வேட்டிப் பொட்டலத்தை நீட்டினேன். ராமாயி அம்மாள் அதைப் பிரித்துப் பார்த்து, "நல்ல துணி. சாமை காயப்போட ஆவும்" என்றார். பிறகு உட்காரவைத்துச் சோறு போட்டார். அத்தனை வருடம் நான் ஆசைப்பட்ட சாமைச் சோறு. ஒவ்வொரு வாயையும் தண்ணீர் குடித்துத்தான் இறக்கினேன்.

கல்யாணத்துக்கு இருவரும் வந்தார்கள். மேடையிலேயே திரு. ஆர். கதையைச் சுதாவின் காதில் சொல்லிவிட்டு, மலர்விழி போட்டோவுக்கு நின்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ராமாயி அம்மாளுக்கு 'மிஸ்டர் ஆர்' என்றுதான் பெயர். சுதா இன்றுவரை தன் அப்பா இனிஷியலை மாற்றவில்லை. "மாத்தினா, நான் வேற யாரையோ கட்டிக்கினேன்னு நெனச்சிப்பீங்க" என்கிறாள்.

ஏஜென்ட்கள் கருவியைத் தொடும் முன் படிக்கும் குறிப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'இனிஷியல் மாறியிருந்தால் காரணத்தை ஊகிக்காதே. தெரியாவிட்டால் கேள்.' அவை அதைப் படித்து ஒழுங்காக நடந்துகொள்கின்றன.

மலர்விழியின் புதுக் கட்டுரை வந்தால் இப்போதும் எனக்குத் தகவல் வரும். அதை நிறுத்த மனசு வரவில்லை. பார்ப்பேன். ஆர்தான். மொட்டைமாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கீழேயிருந்து சுதா கேட்பாள், "மிஸ்டர் ஆர் சௌக்கியமா?"