செங்கண் மூடிய ஆசான்

மன நிம்மதியின் விலை தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பாட். ஒரு பாட் குறைத்துக் கேட்டாலும் கிடைக்காது. ஒன்பது ராசியான எண்ணாம். எங்கள் சந்தையில் மீனுக்கும் பேரம் உண்டு, சவப்பெட்டிக்கும் பேரம் உண்டு. மலையடிவாரத்து ஆசான் பைதூனிடம் மட்டும் கிடையாது.

வண்டி மலையேறும்போது இஞ்சின் சூடேறினால் முன்பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரியுமல்லவா, அதை இனிமேல் எரியாமல் செய்வதுதான் அவருடைய வியாபாரம்.

“அது விளக்கு இல்ல மகனே. மலை ஆவியோட செங்கண்ணு. உன்னைப் பார்த்துக் கோபப்படுது” என்பார் ஆசான். கேட்டவன் நடுங்குவான். ஆவிக்கு இத்தனை சின்னக் கண்ணா என்று ஒருவன்கூடக் கேட்டதில்லை.

சேவை இரண்டு ரகம். தொண்ணூற்றொன்பது பாட்டுக்குப் பானட்டில் வெள்ளை மாவால் பொட்டு, மேலே கொஞ்சம் புனித நீர். ஆனால் இஞ்சினை அணைத்துவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். வரிசை ஊர்ந்து ஊர்ந்து முறை வருவதற்குள் செங்கண் மூடியிருக்கும். உடனே “சாது! சாது!”, அதாவது நன்று நன்று என்று கூட்டம் கைகூப்பும். அடுப்பை அணைத்தால் குழம்பு ஆறும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். சமையலறையை விட்டு வெளியே வந்தால்தான் மறந்துவிடும்.

விசேஷ ரகம்தான் அந்தத் தொள்ளாயிரத்துச் சொச்சம். வண்டிக் கண்ணாடிகளை வெள்ளைத் துணியால் மூடிவிடுவார்கள். சொந்தக்காரர் வண்டிக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். ஓர் ஊதுபத்தி எரிந்து முடியும்வரை திரும்பினால் ஆவி அவர் மேலேயே ஏறிவிடும். உள்ளே ஆசானும் அவருடைய மந்திரக் கத்தியும் மட்டும். அதன்பிறகு அந்த வண்டியில் செங்கண் திறந்ததே இல்லை. முட்டைக்கோஸ் லாரிக்காரர்கள் வந்தார்கள். நகரத்திலிருந்து கல்லூரிப் பேராசிரியர் வந்தார். போக்குவரத்து சார்ஜெண்டும் வரிசையில் நின்றார், தொப்பியைக் கழற்றிவிட்டு. பலன் கண்டவர்கள் சிவப்பு சோடா வாங்கிவந்து ஆவி மாடத்தில் படைத்தார்கள். ராத்திரி ஆவி குடித்ததோ இல்லையோ, காலையில் அதே சோடா எதிர்க்கடையில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தது. எதிர்க்கடை ஆசானுடைய மச்சினியுடையது.

இப்படி இருக்கையில் எங்கள் ஊரில் வண்டி ஓட்டும் வாசனாவின் தம்பி மானோப்புக்குக் கல்யாணம் வந்தது. பெண் வீடு மலை உச்சியில். ஒன்பது மணி ஒன்பது நிமிடத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம் வாசலில் நிற்க வேண்டும் என்பது பெண்ணின் அம்மா போட்ட கட்டளை. வாழைக்கன்று, கரும்பு, பலகாரத் தட்டு, நகைத் தட்டு, சொந்தபந்தம் எல்லாம் வாசனாவின் சோங்தேவில் ஏறின. பின்னால் இரண்டு பெஞ்சு போட்ட பிக்கப்தான் அது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மதியம் சந்தைச் சாமான் என்று அவளுக்குச் சோறு போடுவதும் அதுதான். அந்த இஞ்சின் போனால் அவள் பிழைப்பும் போயிற்று.

நானும் முன்னிருக்கையில் ஏறினேன். என் பக்கத்தில் ஜே ஹுவே, பட்டுப் பாவாடையில். பழைய பிக்கப் வாங்கி விற்பவள். சந்தையே அவளை ‘ஜே’ என்று, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடும். அடிவாரம் நெருங்கும்போது ஜே மூக்கைச் சுளித்தாள்.

“ஏண்டி வாசனா, எவ பாகு காய்ச்சறா இங்க?”

“பலகாரத் தட்டு ஜே. எடுத்துத் தின்னுடாதீங்க.”

“தட்டு என் மடியில இருக்கு. வாசனை உன் காலடியிலேர்ந்து வருது. இஞ்சின் குளிர்நீர் கசிஞ்சு கொதிச்சா இப்படித்தான் இனிக்கும். சூட்டு விளக்கு எரியலையா?”

“அது எப்படி எரியும்? ஆசான் கண்ணை மூடி ரெண்டு வாரம் ஆச்சே! வாங்க, ஒரு சோடா படைச்சிட்டு ஏறிடலாம்.”

நின்றோம். ஆசான் மாலையும் கையுமாக வந்தார். “கல்யாண வண்டியா? ஆவி குளிர்ந்திருக்கு. தைரியமா ஏறும்மா!”

“கொஞ்சம் இருங்க” என்று ஜே ஹுவே ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். சாவியை ஒரே ஒரு திருகு. இஞ்சினைக் கிளப்பவில்லை. முன்பலகையில் எண்ணெய் விளக்கு, பேட்டரி விளக்கு, பிரேக் விளக்கு எல்லாம் கோயில் திருவிழா மாதிரி எரிந்தன. ஒன்று மட்டும் எரியவில்லை.

“சாவியைத் திருப்பினதும் இதுங்க எல்லாம் ஒரு தரம் ஆஜர் சொல்லணும்” என்றாள் ஜே. “உன் சிவப்பு விளக்கு வாயே திறக்கலையேடி. அது குணமாகலை, செத்துப்போச்சு.”

ஆசான் அசரவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பி, “பார்த்தீங்களா! இஞ்சின் ஓடாதப்பவே ஆவி நடுங்குது!” என்றார்.

“சாது! சாது!” என்றது கூட்டம். பேராசிரியர் குரல்தான் உரக்கக் கேட்டது.

“மணி எட்டரை ஆகுது ஜே” என்று மானோப் கெஞ்சினான். “பொண்ணோட அம்மா என்னை உயிரோட தோலுரிப்பாங்க.”

“இரு மாப்பிள்ளை. ஆசானே, மரத்தடியில நிக்குதே வெள்ளைக் கார், உங்களோடதுதானே? சாவி கொடுங்க.”

“எதுக்கு? அது... அது தியானத்துல இருக்கு.”

“எழுப்ப மாட்டேன். ஒரு திருகுதான்.”

கூட்டமே பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுப்பது எப்படி? கொடுத்தார். ஜே திருகினாள். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்து, ஒரு மூச்சு இருந்து, அணைந்தது.

“என்ன ஆசானே, உங்க வண்டிக்கு மட்டும் கண்ணை மூடலையே? உங்க விலை உங்களுக்கே கட்டுப்படியாகலையா?”

யாரும் “சாது” சொல்லவில்லை. முதலில் சார்ஜெண்ட் நழுவித் தன் வண்டிக்குப் போனார். பிறகு லாரிக்காரர்கள் ஓடினார்கள். அடிவாரம் முழுக்கச் சாவி திருகும் சத்தம்.

“என்னோடதும் எரியலை!”

“என்னோடதும்!”

மந்திரக் கத்தியைப் பிடுங்கிப் பார்த்தோம். முனை நட்சத்திர வடிவம். பட்டறையில் அதற்குத் திருப்புளி என்று பெயர். பூஜைப் பையில் ஒரு தகர டப்பா, குலுக்கினால் கலகலவென்றது. உள்ளே பொடிப்பொடி பல்புகள்.

“உனக்கு எப்படி ஜே தெரிஞ்சுது?” என்று கேட்டேன்.

“பழைய வண்டி வியாபாரத்துல இது பழைய வித்தை. பல்பைக் கழட்டிடறது. விளக்கைத் தூங்க வைக்கிறதும்பாங்க.”

“நீயும் பண்ணியிருக்கியா?”

“நான் பண்ணினா தள்ளுபடி உண்டு. ஊதுபத்தி கிடையாது.”

வாசனா அழவில்லை. நேரே போய் பானட்டைத் திறந்தாள். ஓரத்துக் குளிர்நீர் ஜாடியில் ஒரு சொட்டு இல்லை. ரேடியேட்டரின் மேல் குழாய் வெடித்து, வாய் பிளந்து கிடந்தது. மானோப் ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனான். ஜே அவன் கையில் ஓங்கி அடித்தாள். “கொதிச்சுக்கிட்டு இருக்குடா! முகம் வெந்த மாப்பிள்ளையை எவ கட்டிப்பா? ஆறட்டும்.”

ஆறுவதற்குள் நல்ல நேரம் அடிவாரத்திலேயே கடந்து போயிற்று. ஆறிய பிறகு வாசனாவும் ஜேயும் வெடித்த துண்டை வெட்டியெறிந்து, மீதிக் குழாயை இழுத்து மாட்டி முறுக்கினார்கள். தண்ணீர்? ஆசானின் புனித நீர்க் குடம் இருந்தது. அந்தத் தண்ணீர் செய்த முதல் உருப்படியான வேலை அதுதான். ஆசானையே முன்பலகைக்குக் கீழே தவழவிட்டு வாசனாவின் பல்பையும் மாட்ட வைத்தோம்.

பாதி மலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆவியே வந்தாலும் யாரும் இத்தனை சந்தோஷமாக வரவேற்றிருக்க மாட்டார்கள். ஓரங்கட்டினோம், ஆற விட்டோம், தண்ணீர் ஊற்றினோம், ஏறினோம். பெண் வீட்டு வாசலில் அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“நல்ல நேரம் எப்பவோ போயிடுச்சே!”

“நல்ல நேரத்தைப் பிடிக்கப் பார்த்திருந்தா பாதி வழியில இஞ்சின் செத்திருக்கும்மா” என்றாள் வாசனா. “வண்டி முழுசா வந்திருக்கு. மாப்பிள்ளையும் முழுசா வந்திருக்கான். வேணுமா, திருப்பி ஓட்டிக்கிட்டுப் போகட்டுமா?”

“வேணும்!” என்று உள்ளேயிருந்து கத்தினாள் பெண். கல்யாணம் முடிந்தது.

இறங்கி வந்தபோது ஆசான் இன்னும் வண்டி வண்டியாகத் தவழ்ந்துகொண்டிருந்தார். சார்ஜெண்ட் பக்கத்தில் நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தார். மாலையில் கணக்குப் பார்த்தோம். டப்பாவில் இருந்த பல்புகள் நாற்பத்திரண்டு. திரும்ப மாட்டியவை முப்பத்தேழு. ஐந்து பேர் மாட்டிக்கொள்ள வரவே இல்லை. “எங்க வண்டியில ஆவி நிம்மதியாத் தூங்குது, எழுப்பாதீங்க” என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவர் பேராசிரியர்.

ஆகப் பாக்கி: பல்பு ஐந்து, மூளை ஐந்து. பல்புகள் ஜே ஹுவேயின் மேசையில் இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். மற்றதை அவரவரே தேடிக்கொள்ள வேண்டும்.