மாமிக்கு ஸ்டேடியம் சுற்றிக்காட்டிய நாள்

எனக்கு மனப்பாடம் நன்றாக வரும். வாழ்க்கையில் நான் பட்ட பெரிய அவமானத்துக்கு அந்தத் திறமைதான் காரணம்.

பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் உயிரியல் பாடத்தைக் கமா, முற்றுப்புள்ளி மாறாமல் ஒப்பித்து மார்க் வாங்கியவள் நான். (தவளையின் இதயம் தவளைக்குள் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.) கல்யாணமாகி ஆக்லாந்து வந்த மூன்றாவது மாதம், சனிக்கிழமைகளில் ஒரு ஸ்டேடியத்தைச் சுற்றிக்காட்டும் வேலை கிடைத்தது. பெயர் மெமோரியல் ஸ்டேடியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் பேஸ்பால், குளிர்காலத்தில் ரக்பியும் கால்பந்தும் நடக்கும் இடம். இதில் எந்த ஆட்டத்தையும் நான் முழுதாகப் பார்த்ததில்லை.

"முதல் நாள் எப்படிப் போகுதுன்னு பார்ப்போம். சரியா வந்தா வேலை உனக்குத்தான்" என்றார் மேனேஜர் ஹெலன். "நம்ம வரலாறெல்லாம் இன்டர்நெட்டில் இருக்கு. படிச்சிட்டு வா."

அன்று மாலையே பெயரை அடித்தேன். முதலில் வந்த பக்கத்தின் முதல் வரியிலேயே, பேஸ்பாலும் புட்பாலும் ஆடுவதற்காகக் கட்டப்பட்ட ஸ்டேடியம் என்று இருந்தது. வேறென்ன வேண்டும்? ஒன்பது பக்கம் பிரிண்ட் எடுத்தேன். எங்கள் வீடு இருந்த மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து போகும் ரயிலில், பஸ்ஸில், குளியலறையில் என்று ஒரு வாரம் உருப்போட்டேன்.

இந்த இடத்தில் என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவர் குகனின் குடும்பத்தார் யாழ்ப்பாணத்துக்காரர்கள், ஆக்லாந்தின் பாபடோயிட்டோய் பகுதியில் இருக்கிறார்கள். மாமி என்னிடம் மிகுந்த மரியாதையோடு நடந்துகொள்வார். சிக்கலே அந்த மரியாதைதான். பக்கத்து வீட்டுக்காரியிடம்கூட உரிமையாகச் சண்டை போடுபவர், என்னிடம் மட்டும் "களைச்சுப்போனீரோ? இருமன்" என்று விருந்தாளியைப்போல உட்காரச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வார். எப்படியாவது அசத்திவிட வேண்டும் என்று, என் முதல் நாளுக்கு மாமாவையும் மாமியையும் நானே அழைத்தேன். (யாரும் கேட்கவில்லை. நானேதான்.)

ஜனவரி என்றால் அங்கே நடுக்கோடை, வெயில் மண்டையைப் பிளந்தது. ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தொப்பியும் சன்கிரீமுமாக வந்திருந்தார்கள். கடைசியில் குகன், மாமா, மாமி. மாமிக்கு வேகமான ஆங்கிலம் பிடிபடாது. அதனால் நான் சொல்லச் சொல்ல மாமா உரக்கத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

தொடக்கம் பிரமாதம். "இந்தப் பார்வையாளர் வரிசை முழுவதும் தண்டவாளத்தின் மேல் நிற்கிறது. பேஸ்பாலுக்கு ஒரு பக்கமும் புட்பாலுக்கு இன்னொரு பக்கமும் உருட்டி நகர்த்துவார்கள்" என்றேன்.

"அம்மாடி! இந்தக் கட்டடம் ரயில் மாதிரி ஓடுமாம்" என்று மாமா மாமியிடம் சொல்லிவிட்டு, குனிந்து அடியில் பார்த்தார். "தண்டவாளத்தைக் காணேல்லையே, பிள்ளை?"

"உள்ளே இருக்கு மாமா" என்றேன். நல்ல ஆசிரியர் சந்தேகங்களுக்கு அஞ்சுவதில்லை.

கூட்டத்திலிருந்த ரான் என்ற உயரமான கிழவர் தாடையைத் தடவினார். "இதைக் கட்டின ஆட்களில் நானும் ஒருத்தன். அந்தத் தண்டவாளத்தைப் பார்க்க எனக்கும் ஆசைதான்" என்றார்.

பகடி என்று எனக்கு எட்டவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வேகமெடுத்தேன். "புகழ்பெற்ற அந்த ஜனவரி ஆட்டத்தில் முழங்கால் அளவு பனி. ஆட்டக்காரர்களின் மூச்சு உறைந்தது."

ஒரு அம்மாள் விசிறிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். எல்லோரும் ஒருமுறை வானத்தைப் பார்த்தார்கள். குகன் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். அழகாகப் பேசுகிறேன் என்ற கர்வத்தில் எனக்கு அது முத்தம் கொடுப்பதுபோல் தெரிந்தது.

"பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டார் ரான், மிகப் பணிவாக.

ஒன்பதாம் பக்கம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. "ரசிகர்கள் கண்ணீரோடு பார்த்துக்கொண்டிருக்க, வெடிவைத்துச் சில நொடிகளில் இந்த ஸ்டேடியத்தைத் தரைமட்டமாக்கினார்கள். இன்று அந்த இடத்தில் ஒரு கார் பார்க்கிங் இருக்கிறது."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. மாமா, எடுத்த கடமையை விடாமல், அதையும் மொழிபெயர்த்தார். மாமி நிமிர்ந்து கட்டடத்தைப் பார்த்தார். காலடியில் புல்லைப் பார்த்தார். பிறகு கவலையாகக் கேட்டார்:

"அப்ப நாங்கள் இப்ப எங்க நிக்கிறம்?"

அமெரிக்காவில் இதே பெயரில் ஒரு ஸ்டேடியம் இருந்திருக்கிறது என்பது அந்த நொடியில் என் மண்டையில் இறங்கியது. கையிலிருந்த ஒன்பது பக்கத்தையும் மடித்தேன். "ஸாரி, நான் படிச்சது வேற ஸ்டேடியம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஓடிப்போய் அந்தக் கார் பார்க்கிங்கில் ஒளிந்துகொள்ளலாம் என்றால் அதுவும் அமெரிக்காவில் இருந்தது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. மாமி சிரித்தார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எடி விசரி! இங்க இருக்கிற ஒரு பலகையையாவது வாசிச்சுப் பார்க்கக் கூடாதே?" என்று என்னைப் பைத்தியக்காரியாக்கி முதுகில் ஒன்று வைத்தார். மரியாதை போன முதல் நாள்! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ரான் என் கையிலிருந்த தாள்களை எழுத்தில்லாத பக்கமாகத் திருப்பி, பேனாவையும் தந்தார். "எழுதிக்கோ" என்றார். முன்பு மாடு மேய்ந்த நிலம் இது. வாய்க்கால் வெட்டி ஈரத்தை வடித்ததே பெரும்பாடு. ரக்பிக்காகப் போட்ட புல்லில் பேஸ்பாலில் பந்தெறிபவர் நிற்க மண் மேடு எழுப்பச் சொன்னபோது மைதானத்தைப் பராமரித்தவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. கோடை வந்தால் களிமண்ணைக் கொட்டி மேடு கட்டுவார்கள், குளிர் வந்தால் சுரண்டி எடுத்துப் புல்லை ஒட்டுவார்கள். நகர்ந்தது கட்டடமல்ல, அந்த மண் மேடுதான். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மாமா மாமிக்குச் சொன்னார்.

வாசலில் ஹெலன் நின்றிருந்தார். முழுவதும் கேட்டிருக்கிறார். "அடுத்த சனிக்கிழமை வா. பேப்பர் இல்லாம வா" என்றார். இரண்டு வருடம் அங்கே வேலை பார்த்தேன்.

போன மாதம் ஆக்லாந்தில் மாசி என்ற புறநகரில் ஒரு வீடு வாங்கலாம் என்று பார்க்கப் போனோம். மாமா, மாமியும் வந்தார்கள். விற்பனைக்காரரும் தமிழர்தான், சமையலறையைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் முந்திக்கொண்டு, இந்த வீட்டைப் பற்றி இன்டர்நெட்டில் எல்லாவற்றையும் படித்துவிட்டேன் என்று ஆரம்பித்தேன். மாமி சட்டென்று குகனின் கையைப் பிடித்தார்.

"தம்பி, வெளியில வா. வெடிக்கப் போகுது."

விற்பனைக்காரர் மட்டும்தான் சிரிக்கவில்லை. பாவம், அவர் கேஸ் அடுப்பை நோக்கி ஓடினார்.