இரண்டு வாத்துகளும் நாலு நாள் பயணமும்

மச்சான் வீட்டு வாசற்படியை இனி மிதிப்பதில்லை என்று வால்வுக்காரர் முடிவெடுத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த முடிவு மனைவிக்குத் தெரியாது. தெரிந்தால் முடிவு முடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

குடிநீர் வாரியத்தில் ஃபிட்டர் வேலை. ஊரின் பாதித் தெருக்களுக்கு அவர் சக்கரத்தைத் திருகினால்தான் தண்ணீர். அதனால்தான் வால்வுக்காரர் என்று பேர். மனைவியின் அண்ணன் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். ஒருமுறை விருந்தில் பத்துப் பேர் நடுவே சொல்லிவிட்டார்: "எங்க மாப்ள ஊருக்கெல்லாம் தண்ணி விடுவாரு. வீட்ல மட்டும் வாயே விடமாட்டாரு." ஒன்பது பேர் சிரித்தார்கள். பத்தாவது ஆள் வால்வுக்காரர்.

அந்த வருஷம் பள்ளி விடுமுறையில் மனைவி பேச்செடுத்தாள்.

"அண்ணன் வீட்டுக்கு நாலு நாள் போயிட்டு வரலாங்க."

"போகலாம். வாத்துக்கு யார் தண்ணி வைக்கிறது?"

வாத்துகள் மகளுடையவை. எட்டு வயதில் அட்டைப் பெட்டியில் இரண்டு மஞ்சள் குஞ்சுகளைக் கொண்டுவந்து, பெரியவன், சின்னவன் என்று பேர் வைத்தாள். பெரியவன் முட்டை போட ஆரம்பித்த பிறகும் பேர் மாறவில்லை.

"பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வைப்பாங்க," என்றாள் மனைவி.

"அவங்க காலையில ஒரு தடவை ஊத்துவாங்க. பத்தே நிமிஷத்துல இதுங்க மூக்கைக் கழுவி, சேத்தைத் துப்பி, டீ மாதிரி ஆக்கிடும். அதுவே வெயில்ல நின்னா விஷம். குடிச்ச வாத்து கழுத்து துவண்டு போயிடும். சரின்னு தண்ணியைக் கொஞ்சமா வச்சா அலகு முங்காது, மூக்கு அடைச்சுக்கும். நமக்கு ஊரா முக்கியம்? வாயில்லா ஜீவன்."

மகள் கண் கலங்கிவிட்டது. வால்வுக்காரர் உள்ளுக்குள் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

மனைவி கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்தாள். பிறகு சொன்னாள்:

"சரிங்க, போக வேண்டாம். ஆனா ஊருக்கே தண்ணி விடுறவருக்கு ரெண்டு வாத்துக்கு விடத் தெரியலன்னு வெளிய சொல்லிடாதீங்க. ஆபீஸ்ல பேர் கெட்டுடும்."

அன்று சாயங்காலமே பழைய டிரம் ஒன்று தோட்டத்துக்கு வந்தது.

செங்கல் மேடையில் டிரம். அடியில் ஒரு வால்வு, அதிலிருந்து ஒரு குழாய். குழாய் முனையில் மிதவை வைத்த பேசின். குடிக்கக் குடிக்க நிரம்பும், நிரம்பியதும் தானே நிற்கும். தலையை முக்கலாம், உள்ளே இறங்கிக் குளிக்க முடியாதபடி மேலே கம்பி. சிந்துவது வடிய அடியில் ஜல்லி. மகள் ஸ்பேனரை எடுத்துக் கொடுக்க, பெரியவனும் சின்னவனும் மேஸ்திரிகள் மாதிரிப் பின்னாலேயே நடந்து மேற்பார்வை பார்த்தன. ஒன்றரை நாள் வேலை. அவர் வாழ்க்கையிலேயே சந்தோஷமாகப் பார்த்த வேலை அதுதான் என்று பிற்பாடு தோன்றியதுண்டு.

சோதனை ஓட்டத்தில் பேசின் கண்ணாடி போல் தெளிந்து நின்றது. அப்போதுதான் உறைத்தது. போகாமலிருக்க இருந்த ஒரே சாக்கும் போயிற்று; தன் ரயில் டிக்கெட்டைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் வேலைக்குப் போகுமுன் டிரம் வால்வைச் சத்தமில்லாமல் மூடினார். வாத்து தவிக்கக் கூடாதே என்று கொட்டகைக்குப் பின்னால் ஒரு குண்டான் தண்ணீரும் வைத்தார். சாயங்காலம் சோகமான முகத்தோடு வந்தால், பேசின் நிறையத் தண்ணீர்.

"அருமையா வேலை செய்யுதுங்க," என்றாள் மனைவி.

அடுத்த நாள் ஸ்பேனர் போட்டு இறுக்கிவிட்டுப் போனார். அன்றும் பேசின் நிறைந்திருந்தது. பதினெட்டு வருஷ சர்வீஸில் எந்த வால்வும் அவர் பேச்சை மீறியதில்லை. யாரிடம் போய்க் கேட்பது? தினம் பேசினைக் கழுவும் வேலையைத் தையல்காரம்மா ஏற்றுக்கொள்ள, அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினார்.

போன இடத்தில் முதல் நாள் மச்சானும் அவரும் ஆளுக்கொரு பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் நாள் சமையலறைக் குழாய் ஒழுகியது. வால்வுக்காரர் தொட்டிக்கு அடியில் புகுந்தார், மச்சான் டார்ச் பிடித்தார். வேண்டிய இடத்தில் வெளிச்சம் விழவில்லை, நீர் மட்டும் இருவர் மேலும் பீறிட்டது. நனைந்துபோய் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்பை அடக்க முடியவில்லை. நாலாம் நாள் மச்சான் கேட்டார்: "நாளைக்கே போகணுமா மாப்ள?"

அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் போனார்கள். வாத்துகள் எட்டு வருஷம் இருந்தன. மகள் கல்யாணமாகித் தூர தேசம் போய்விட்டாள். போன வருஷம் மச்சானும் போய்விட்டார். தோட்டத்துச் சிமெண்டில் டிரம் நின்ற வட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது.

சென்ற வாரம் மகள் போனில் கேட்டாள்: "அப்பா, பையன் வாத்து வேணும்னு நிக்கிறான். நாங்க ஊருக்குப் போனா தண்ணிக்கு என்ன பண்றது? நீங்க செஞ்சீங்களே, அதை வரைஞ்சு அனுப்புங்க."

வால்வுக்காரர் மதியம் முழுக்க உட்கார்ந்து வரைந்தார். மனம் இளகியிருந்தது. பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னார்:

"ஒரு உண்மை சொல்லட்டுமா? அன்னிக்கு அந்த வால்வை நான்தான் மூடினேன்."

"தெரியும். ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை நானும் தையல்காரம்மாவும் சேர்ந்துதான் திறக்க முடிஞ்சுது."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா மூணாவதா ஒண்ணு யோசிச்சிருப்பீங்க. அண்ணன் மட்டும் என்ன? நீங்க வர்றீங்கன்னதும் சரக்கெடுக்க வெளியூர் போகணும்னு கிளம்பிட்டாரு. அவர் டிக்கெட்டை அண்ணி அரிசி டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டாங்க. சமையலறைக் குழாயைக் கழட்டி விட்டதும் அவங்கதான்."

வால்வுக்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். இதை உடனே மச்சானிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆளில்லை என்பது ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது.

"அவருக்குத் தெரியுமா?"

"கடைசி வரைக்கும் தெரியாது." மனைவி ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டாள். "வாத்துக்குத் தண்ணி காட்டினது நீங்கதான், அதை நான் மறுக்கல. உங்க ரெண்டு பேருக்கும் காட்டினது நாங்க."