ஒரு தடவைக்கு ஒரு டம்ளர்

கீழ்வேளூர்,
சனிக்கிழமை, ஆனி மாதம்.

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை ராஜராஜன் அவர்களுக்கு, மாமனார் வைரக்கண்ணு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை சாவித்திரியும் உங்கள் கொழுந்தியாள் மதிவதனியும் உடம்பளவில் சுகம். மனசளவில் என்ன என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கே ஓசூரில் தாங்களும் அனுராதாவும் பேரனும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க எங்கள் ஊர் ஈசன் கேடிலியப்பரை வேண்டிக்கொள்கிறேன்.

பொருள்: தாங்கள் அன்புடன் அளித்த காபி மெஷினைத் தாங்களே திரும்ப எடுத்துக்கொள்ளக் கோருதல்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அனுராதா எந்தப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு சப்பாத்தி தேய்க்கிறாள். மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த பொருளை மாமனார் குறை சொல்வது மகள் காதில் விழக் கூடாது என்பதால்தான் தபால். பாசனதாரர் சங்கத்துக்காகப் பதினோரு வருஷம் கலெக்டருக்கு மனு எழுதிய கை இது. தண்ணீர் வரவில்லை என்று எழுதி எழுதித் தேய்ந்த கை, காபி வரவில்லை என்று எழுத நேரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

தப்பு என் மேலும் இருக்கிறது, மறைக்கவில்லை. சித்திரையில் தாங்கள் வந்திருந்தபோது போனில் மூன்று மெஷின்களின் படத்தைக் காட்டி, "எது வேணும் மாமா, சொல்லுங்க" என்றீர்கள். ஒரு படத்தில் மெஷினுக்கு முன்னால் நாலு கோப்பை இருந்தது. மற்ற இரண்டிலும் ஒரு கோப்பைதான். நம் வீட்டுக்கு வருகிறவர்களும் போகிறவர்களும் அதிகமாயிற்றே என்று நாலு கோப்பை போட்டதைக் காட்டினேன். தாங்களும் "நல்ல செலக்‌ஷன் மாமா" என்றீர்கள். மெஷின் வந்ததும் பெட்டியைப் பிரித்து, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, காபித்தூள் அடைத்த கேப்ஸ்யூலைப் போட்டு, கைப்பிடியை அழுத்தி, பொத்தானைத் தட்டினால், ஒரு மூக்கு, அதிலிருந்து ஒரு டம்ளரில் கால்வாசி காபி. அவ்வளவுதான். மீதி மூன்று கோப்பை எங்கே என்று மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன் மாப்பிள்ளை. படத்தில் இருந்தது அழகுக்காம். மதிவதனி சொன்னாள். எனக்குத் தலையே சுற்றிவிட்டது. நெல் மூட்டைப் படம் போட்டு உரம் விற்கிறவன் மூட்டையா கொடுக்கிறான் என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அது போகட்டும். மெஷினோடு வந்த புத்தகத்தில் பன்னிரண்டு பாஷை இருந்தது, தமிழ் இல்லை. மெஷினைப் போட்டால் ஹாலில் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. மெஷின் முனகுகிற சத்தம் கேட்டுப் பசு இரண்டு நாள் பால் சுரக்கவில்லை. ஒரு வாரத்தில் மெஷினில் ஆரஞ்சு விளக்கு ஒன்று கண் சிமிட்ட ஆரம்பித்தது. எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு என்பது தங்களுக்குத் தெரியும். உப்புப் படிந்துவிட்டது, மருந்து ஊற்றிக் கழுவ வேண்டும் என்று மதிவதனி புத்தகத்தைப் படித்துச் சொன்னாள். அவள் நாகப்பட்டினத்தில் லேப் டெக்னீஷியன், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். விளக்குத்தானே சிமிட்டுகிறது, சிமிட்டிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன். அந்த அடுத்த வாரத்தில்தான் வந்தது வெள்ளிக்கிழமை.

திருப்பனந்தாள் சம்பந்தம் பற்றித் தங்களுக்குச் சொல்லியிருந்தேன். மதிவதனிக்கு வந்த நாலாவது வரன். முதல் மூன்றுக்கும் போட்டோவைப் பார்த்ததுமே வேண்டாம் என்றவள், இந்தப் பையன் போட்டோவைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாள். அதிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது, இது கைவிட்டுப் போகக் கூடாத இடம். பையன் கும்பகோணத்தில் பேங்கில் வேலை. வீட்டில் எல்லாவற்றுக்கும் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவர் சரி என்றால் சரி. ஆகவே அவரை அசத்திவிட வேண்டும் என்று நான் தீர்மானித்தேன். சாவித்திரி முதல் நாள் சாயங்காலமே, "எதுக்கும் இருக்கட்டும், ஃபில்டர்ல டிகாஷன் இறக்கி வச்சுடுறேங்க" என்றாள். "மாப்பிள்ளை வாங்கிக் குடுத்த மெஷின் இருக்கறப்ப டிகாஷன் எதுக்கு? நம்ம வீட்டு லட்சணம் அவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்று ஃபில்டரை நானே பரண்மேல் தூக்கி வைத்தேன். இதையும் மறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு வந்தார்கள். ஒன்பது பேர். பெண்கள் நாலு பேர், ஆண்கள் ஐந்து பேர். பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் காபி குடித்து, பெண்ணைப் பார்த்து, ஒரு நல்ல வார்த்தை பேசிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. தட்டில் ஒன்பது டம்ளரும் ஒன்றாக வந்தால்தானே அது காபி கொடுப்பது? பெண் ஒரு தரம் வந்து, பெரியவரிலிருந்து வரிசையாக நீட்டிவிட்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். ஆனால் இந்த மெஷினுக்கு ஒன்பது டம்ளர் என்றால் ஒன்பது தரம் கேப்ஸ்யூல், ஒன்பது தரம் பொத்தான். அன்றைக்குக் கரண்டும் சோகை. காய்ச்சிய பால் கலந்து, சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் வெளியே வர நாலு நிமிஷம். பெண்ணை ஒரு தரம் பார்க்க வந்தவர்கள், தவணை முறையில் பார்க்க வேண்டியதாயிற்று.

முதல் டம்ளரோடு மதிவதனி வந்தாள். நடு நாற்காலியில் பெரியப்பா துண்டைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டத் தயாராக இருந்தார். நான் கண்ணால் அவரைக் காட்டினேன். இரண்டாம் தரம் புருவத்தாலும் காட்டினேன். அவள் பார்த்தாள் மாப்பிள்ளை, நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அடுக்களை வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் அம்மா பிரகதீஸ்வரியிடம் டம்ளரைக் கொடுத்துவிட்டாள். அந்த அம்மாளுக்கே அதிர்ச்சி. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அடுத்த டம்ளர் பையனின் அத்தைக்கு. அதற்கடுத்தது சித்திக்கு. நாலாவது யாரென்றே தெரியாத ஒரு பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு. பதினாறு நிமிஷம் போய்விட்டது. ஆண்கள் ஐந்து பேரும் வெறும் கையோடு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாம் கடைமடைக்காரர்கள், வாய்க்காலில் கடைசியாகத் தண்ணீர் வாங்கிப் பழகியவர்கள். அவர்கள் தலைமடை. ஆற்றில் திறந்தால் முதல் மடை அவர்களுக்குத்தான். எதற்கும் காத்திருந்து பழக்கமில்லாத ஜனம். பெரியப்பாவின் முகம் கறுத்துக்கொண்டே போனதை நான் பார்த்தேன், வேறு யாரும் பார்க்கவில்லை என்று வேண்டிக்கொண்டேன். உள்ளே போய், "ஏம்மா, கண்ணைக் காட்டினேனே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டதற்கு அவள், "பக்கத்துல இருக்கறவங்களுக்குக் குடுத்தாதாம்பா ஆறாம இருக்கும். அங்க தூக்கிட்டுப் போறதுக்குள்ள ஆடை படிஞ்சுடும்" என்கிறாள். இது சயன்ஸாம்.

அந்த நேரம் பார்த்து மெஷின் நின்றது. ஆரஞ்சு விளக்கு சிவப்பாகிவிட்டது. பொத்தானைத் தட்டினால் இருமுகிறது, தண்ணீர் இழுக்கவில்லை. எதிர் வீட்டில் மோட்டார் ரிப்பேர் செய்கிற உபைதுல்லாவைக் கொல்லைப் பக்கமாகக் கூப்பிட்டேன். என் போர்செட்டைப் பதினைந்து வருஷமாகப் பார்க்கிறவர். காதை வைத்துக் கேட்டார். "அண்ணே, ஏர் அடைச்சிருக்கு. உள்ள உப்பும் கட்டியிருக்கு. ரெண்டையும் எடுத்துட்டா ஓடும்" என்றார். தொட்டியைக் கழற்றி, வாயை வைத்து ஊதி, தண்ணீர் ஊற்றி, போர்செட்டுக்குச் செய்கிற எல்லாவற்றையும் அந்தச் சின்ன மெஷினுக்கும் செய்தார். உப்புக்கு என்ன செய்வது? சாவித்திரிதான் வழி சொன்னாள். பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டால் உப்புக்கறை விடுகிறதே, இதற்கு விடாதா? ரசத்துக்குக் கரைத்து வைத்திருந்த புளித்தண்ணீரை வடிகட்டித் தொட்டியில் ஊற்றினோம். மெஷின் ஒரு குலுங்கு குலுங்கி, அழுக்கையெல்லாம் கக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உபைதுல்லா, "நல்ல தண்ணி ஊத்தி மூணு தடவ ஓட விட்டுட்டு அப்பறம் காபி போடுங்கண்ணே" என்றார். மணி பத்து இருபது. ராகு காலத்துக்குப் பத்து நிமிஷம். ஒரு தடவை ஓடவிட்டேன். "போதும், நல்லாத்தான் வருது" என்று நான்தான் சொன்னேன்.

அந்த ஐந்தாவது டம்ளர் பெரியப்பாவுக்குப் போனது. நானே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். வாயில் இருப்பதை விழுங்குவதா வேண்டாமா என்று ஒரு யோசனை அவர் முகத்தில் நீண்ட நேரம் நடந்தது. விழுங்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார், "எங்க ஊர்ப் பக்கம் ரசத்த சோத்துல ஊத்துவாங்க. இங்க டம்ளர்ல குடுக்கறதுதான் வழக்கமா?" பையன் சிரித்துவிட்டான் மாப்பிள்ளை. தன் பெரியப்பாவுக்கு முன்னால், வாய்விட்டு! அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து மதிவதனியின் சிரிப்பும் கேட்டது. பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்து எழுந்தார். "ராகு காலம் பொறந்துடுச்சு. போய்த் தகவல் சொல்றோம்" என்றார். போய்த் தகவல் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பெண்களைப் பெற்றவனுக்குத் தெரியாதா? காரில் ஏறும்போது மற்ற நாலு ஆண்களும் பஸ் ஸ்டாண்டு டீக்கடை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். என் வாழ்நாளில் இப்படி ஒரு அவமானம் பட்டதில்லை.

மதிவதனி அதற்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. கேட்டால் பசியில்லை என்கிறாள். போனை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைக்கிறாள். சாவித்திரி பரணிலிருந்து ஃபில்டரை இறக்கிக் கழுவி வைத்துவிட்டாள்.

ஆகவே, மேற்படி மெஷினைத் துடைத்து, அதே பெட்டியில் வைத்து, மிச்சமிருக்கும் கேப்ஸ்யூல்களோடு கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த முறை வரும்போது எடுத்துப்போய் யாராவது தனிக்கட்டைக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு ஆள் உள்ள வீட்டுக்கு அது நல்ல மெஷின்தான். குடும்பத்துக்கு ஆகாது. தங்கள் அன்பில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை, மெஷின் மேல்தான் கோபம். அனுராதாவுக்கு என் ஆசி. பேரனை வெயிலில் விடாதீர்கள். தங்கள் தாயாருக்கும் தகப்பனாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும், காபி விஷயத்தைச் சொல்ல வேண்டாம். வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்த்திருக்கிறது, உங்கள் எல்லோருடைய புண்ணியத்தில் குறுவை தேறிவிடும்.

என்றும் தங்கள் நலம் கோரும்,
வைரக்கண்ணு

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குப் போன் வந்தது. பிரகதீஸ்வரி அம்மாள். என்னிடம் பேசவில்லை, சாவித்திரியைக் கேட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கினாள். அனுராதாவுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. அந்த அம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்க வூட்ல பதினோரு பேருங்க. எல்லாருக்கும் ஆத்திக் குடுத்துட்டு நான் டம்ளர எடுக்கறப்ப அது பச்சத்தண்ணியா இருக்கும். கல்யாணமாகி இருபத்தொம்பது வருஷத்துல மொத டம்ளர், நாக்கு சுடச் சுட, உங்க பொண்ணு கையாலதான் குடிச்சேன். வேற யாருக்கோ வந்ததுன்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன். உங்க பொண்ணு நகராம நின்னு, 'உங்களுக்குத்தாங்க, குடிங்க'ன்னுச்சு. பெரியவரு வேணாம்னுதான் சொன்னாரு. மருமகள்னா அந்தப் பொண்ணுதான், இல்லேன்னா நாளையிலேருந்து காபி நீங்களே போட்டுக்குங்கன்னு சொல்லிட்டேன். ஒரு நாள் போட்டும் பாத்தாங்க. சரின்னுட்டாங்க. ஆவணில நாள் பாருங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மதிவதனி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ போன் போட்டாள், யாருக்கு என்று எழுத வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் கழித்து சாவித்திரியிடம் கேட்டேன், "நீ எப்ப காபி குடிப்ப?" அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் காபி குடிக்கிறதில்லீங்க. உங்களுக்கு, மாடு கறக்கறவனுக்கு, புள்ளைங்களுக்குன்னு முடியறதுக்குள்ள இட்லிக்கு நேரமாயிடும். அனு பொறந்த வருஷமே விட்டுட்டேன்" என்றாள். இருபத்தெட்டு வருஷம் மாப்பிள்ளை! ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. அவமானம் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிடுங்கள். அவமானம் இதுதான்.

கட்டிய பெட்டியைப் பிரித்து, நல்ல தண்ணீர் ஊற்றி மூன்று தடவை ஓடவிட்டு, நானே பொத்தானைத் தட்டி, நானே பால் கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். மெஷினை எடுக்க வர வேண்டாம், கேப்ஸ்யூல் இரண்டு பெட்டி உடனே அனுப்பவும். சாவித்திரி அடுப்படியில் நின்றபடியே குடித்தாள். பிறகு போய் நாற்காலியில் உட்கார்ந்தாள், அங்கிருந்தபடியே காலி டம்ளரை என் பக்கம் நீட்டி, "இன்னொண்ணு போடுங்க" என்றாள்.