கூடப் பாடிய கோப்பை

கேட்காமல் எடுத்ததற்கு ‘இரவல்’ என்று பெயர் வைத்துக்கொண்டவள் நான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. (புத்தி பத்தோடு நின்றுவிட்டது.)

எழுபதுகளின் கடைசி. எங்கள் ஊர்ச் செங்கம் ரோட்டில் வாடகைக்கு இருந்த ஓர் இங்கிலாந்து அம்மாவிடம் டைப் அடிக்கும் வேலை. அங்கிருந்த ஆசிரமத்துக்காக வந்தவர்தான், ஆனால் அலமாரி நிறையச் சேர்த்திருந்தது அவர் ஊர்ப் பழைய மதுக் கோப்பைகளை. இருநூறு வருஷத்துச் சரக்கு. நீளக் காம்பு, அதற்குள் வெள்ளை நூலை முறுக்கிவிட்டதுபோல் கோடுகள்.

என்னைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து வந்த அன்று அந்த வெள்ளைக்காரம்மா மெட்ராஸில். சாவி என்னிடம். எவர்சில்வர் டம்ளரில் சர்பத் கொடுத்தால் கௌரவம் என்னாவது? ஆறு கோப்பைகளைப் புடவையில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டேன்.

மாலை நாலு மணிக்கே மழை இருட்டு. கோப்பையில் நன்னாரி சர்பத் ரத்தம்போல் இருந்தது. வந்தவர்கள் நாலு பேர். மிச்சம் இரண்டு காலிக் கோப்பைகள் என் முன்னால் தட்டில்.

“பொண்ணு பாடுமா?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

பாடினேன். மேலே ஓரிடத்தில் நீட்டி இழுத்து நிறுத்தினேன். குரல் நிற்கவில்லை. மெல்லிய பெண் குரல் ஒன்று, வார்த்தையே இல்லாமல், அதே சுருதியில் இழுத்துக்கொண்டே போய்த் தேய்ந்தது.

“உள்ள யாரு பாடறது?”

“யாரும் இல்லீங்க,” என்றார் அப்பா. முகம் வெளுத்திருந்தது.

மாப்பிள்ளை மட்டும், “இன்னொரு தரம் பாடுங்க,” என்றார். பாடினேன். அவளும் பாடினாள், என் மோவாய்க்குக் கீழேயிருந்து. மாப்பிள்ளை குனிந்து ஒரு காலிக் கோப்பையின் விளிம்பில் விரல் வைத்தார். குரல் அறுந்தது.

“கோப்பைதாம்மா. சுருதி ஒத்துப்போனா கண்ணாடி அதிரும்.”

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். தைரியம் சொல்கிறேன் பேர்வழி என்று, “பயப்படாதீங்கம்மா. ரொம்பப் பழசு, அவ்வளவுதான். இதுல குடிச்சவங்க ஒருத்தர்கூட இப்ப உயிரோட இல்ல,” என்றேன்.

அந்த அம்மா அப்போதுதான் கடைசி மடக்கை விழுங்கியிருந்தார்.

கை நழுவிய கோப்பையை மாப்பிள்ளை பாய்ந்து பிடித்தார். அந்த அம்மா குடித்த சர்பத் கிணற்றடியில் வெளியே வந்தது. வரோம்னுகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டார்கள்.

வெள்ளைக்காரம்மாவிடம் உண்மையைச் சொல்லி அழுதேன். ஆறையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திட்டவில்லை. சாவியை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

பத்தாம் நாள் மாப்பிள்ளை தனியாக வந்து நின்றார். “அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்காங்க. அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

போகவில்லை. இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். கல்யாணமும் ஆனது.

மாமியார் கடைசிவரை எங்களோடுதான் இருந்தார். நான் காபியை நீட்டும்போதெல்லாம், யார் எதிரில் இருந்தாலும் சரி, டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்பார்:

“இதுல குடிச்சவங்கல்லாம் சௌக்கியமா?”