தொந்தரவே தராத மாப்பிள்ளை

டாக்டர்களை உங்களுக்குத் தெரியும். நாடி பிடிப்பவர்களைத் தெரியும். இவர்களைவிட அக்கறை மிகுந்த ஓர் இனம் இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கிறது: உங்களைத் தொடாமல், ஒரு வார்த்தை கேட்காமல், துளியும் தொந்தரவு செய்யாமல் உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்பவர். கடத்தூரில் இவர் சவுரியப்பனுக்கு மாப்பிள்ளையாக வாய்த்தார்.

பெயர் அருள்நாதன். பட்டணத்துக் கல்லூரியில் ஆராய்ச்சி. மாமனாருக்கு நெஞ்சுவலி வந்ததும், "நல்லாத் தூங்கட்டும், படபடப்பு அடங்கலேன்னா சேலத்துல சேர்த்துடுங்க" என்று டாக்டர் சொன்னதும் தெரிந்து, லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினார். பழம் வாங்கி வந்தாரா? இல்லை. சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி கொண்டுவந்தார். கட்டிலுக்கு அடியில் கட்டிவிட்டால், படுத்திருப்பவரின் நெஞ்சுத் துடிப்பைக் கம்பியே இல்லாமல் பக்கத்து அறைக்கு அனுப்பும். அங்கே ஒரு பேனா காகிதத்தில் கோடு போடும்.

"உங்களுக்குத் தெரியவே தெரியாதுங்க மாமா. நீங்க பாட்டுக்கு இருங்க."

சவுரியப்பன் தன் பாட்டுக்கு இருமினார்.

"இருமாதீங்க மாமா, கோட்டுல விழுது."

திரும்பிப் படுத்தார்.

"புரளாதீங்க மாமா."

அதோடு முடிந்ததா? இடைஞ்சல் என்று ரேடியோ நின்றது, மின்விசிறி நின்றது, கட்டிலடியில் முட்டையிட்டுப் பழகிய கோழி வெளியேற்றப்பட்டது, அம்மி அரைத்தால் கட்டில் அதிர்கிறது என்று துவையல் ரத்தானது, மணியை மெல்ல அடிக்கச் சொல்லி மாதா கோயில் உபதேசியாருக்குச் சேதி போயிற்று, பக்கத்துத் தோட்டத்து மாதையன் பம்ப்செட் போடக்கூடாது என்றானது. யாருக்கும் தொந்தரவு தராத கருவிக்காகத் தெருவே மூச்சை அடக்கிக்கொண்டது.

மாதையன் ஜன்னலோரம் வந்து நின்றார். "ஏங்க சவுரியப்பண்ணா, உங்க நெஞ்சு துடிக்கறதுக்கு எங்க கத்திரிச்செடி காயணுங்களா?"

"என்னைக் கேட்டா? எனக்குத்தான் ஒண்ணுமே தெரியாதாமே."

சிரித்தாலும் சவுரியப்பனுக்கு உள்ளே பயம். சேலம் ஆஸ்பத்திரிக்குப் போன அவர் அண்ணன் திரும்பி வரவில்லை. அந்தக் கோடு அடங்காவிட்டால் அடுத்தது தான்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிடந்தார்.

கோடு எப்படி அடங்கும்? கண் செருகும் நேரம் பார்த்துக் கதவு கிறீச்சிடும். மாப்பிள்ளை முகம் எட்டிப் பார்க்கும். நுனிக்காலில் வருவார், குனிவார், கருவியைத் தொட்டுப் பார்ப்பார், போவார். உடனே திரும்பி ஓடிவருவார்.

"இப்ப ஏன் மாமா படபடங்குது?"

"இவ்வளவு நேரம் இல்லீங்க மாப்பிள்ளை."

பேனா இருக்கும் அறையில் உட்கார்ந்து தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த மகள் புஷ்பமேரி ஒன்றைக் கவனித்தாள். புருஷன் குளிக்கப் போனால் கோடு சமதரையில் போகிறது. அப்பாவின் அறைக்குள் அவர் நுழைந்தால் சித்தேரி மலைப்பாதையில் பஸ் ஏறுகிறது. மறுநாள் காலை அவரைக் கூப்பிட்டாள்.

"பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி போகணுங்க. அப்பாவால முடியாது. நீங்க டிராக்டர்ல போயிட்டு வந்துடுங்க."

"காகிதத்தை யாரு பாக்கறது?"

"தானா எழுதும்னு நீங்கதானே சொன்னீங்க."

ஆராய்ச்சியாளர் கருவிக்குப் புது பேட்டரி போட்டார். கிளம்பினார். டிராக்டர் சத்தம் தேய்ந்ததும் மாதையன் மோட்டார் ஓடியது, புஷ்பமேரி அம்மியில் தேங்காய் வைத்தாள், ரேடியோ பாடியது. இத்தனை இரைச்சலுக்கும் நடுவே சவுரியப்பன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். காலையில் தூங்கினார், கஞ்சி குடித்துவிட்டு மறுபடி தூங்கினார்.

சாயங்காலம் சட்டையெல்லாம் தக்காளிச் சாறாக அருள்நாதன் திரும்பினார். நேராகக் காகிதத்திடம் போனார். ஏரித் தண்ணீர் போல அமைதியான கோடு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யான அக்கறை இல்லை அது, நம்புங்கள்.

"சேலம் வேண்டாம் புஷ்பம். மாமா தேறிட்டாரு. காலையில பேட்டரி மாத்தினேன் பாரு, அதுதான்."

அவள் வாயைத் திறக்குமுன் அவர் நுனிக்காலில் உள்ளே போய், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மாமனாரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"மாமா, மாமா. நல்லாத் தூங்கறீங்க மாமா."

பக்கத்து அறையில் பேனா காகிதத்தை விட்டே துள்ளியது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி. இந்நேரம் உங்கள் வீட்டிலும் யாரோ உடம்புக்கு முடியாமல் கண்ணயர்ந்திருக்கலாம். காய்ச்சல் விட்டதா என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு வரலாமா என்று எழுந்திருக்கிறீர்கள் அல்லவா?

உட்காருங்கள்.