காரணம் கொண்டு வருகிறவர்

துக்க வீட்டுக்கு மாலை கொண்டு வருகிறவர்கள் உண்டு, பால் பாக்கெட் கொண்டு வருகிறவர்கள் உண்டு. காரணம் கொண்டு வருகிறவர் தனி இனம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் அண்ணனூரில் பக்தவத்சலம்.

சாமியானா கட்டி முடிப்பதற்குள் வந்துவிடுவார். வலது காலைச் சற்று இழுத்தபடி வந்து, செருப்பை ஓரமாக விட்டு, ஃபேனுக்கு நேராக இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இறந்தவரின் வயது, நட்சத்திரம், குலதெய்வம், கடைசியாகத் திருப்பதி போனது எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கண்ணை மூடித் தலையை இரண்டு முறை ஆட்டுவார். முடிந்தது. கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எண்பதில் போனால் கொடுத்து வைத்தவர். முப்பதில் போனால், நல்லவர்களைக் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்கிறார். அப்படியானால் பக்தவத்சலத்துக்கு எழுபத்திரண்டு ஆனது எப்படி? யாரும் கேட்டதில்லை.

ஆடி முடிந்த வாரம் எதிர்வீட்டு ஜெகதீஷ் வேலைக்குப் போகும் வழியில், குழாய் பதிக்கத் தோண்டி மூடாமல் விட்டிருந்த பள்ளத்தில் பைக்கோடு விழுந்து இறந்துபோனான். பக்தவத்சலம் முதல் நாளே வந்துவிட்டார். ஆனால் காரணம் மூன்றாம் நாள்தான் அகப்பட்டது.

"இந்த ஆடிக்கு அம்மனுக்குக் கூழ் ஊத்துனியாம்மா?" என்று ஜெகதீஷின் மனைவி ரேணுகாவைக் கேட்டார்.

"இல்ல சார். பொண்ணுக்குக் காய்ச்சல். அடுத்த வருசம் ஊத்திக்கலாம்னு அவருதான் சொன்னாரு."

தலை இரண்டு முறை ஆடியது.

"அதான். அவ எடுத்துக்கிட்டா. மனச தேத்திக்கோம்மா."

ஆறுதல் சொல்லியாகிவிட்டது. டீ கேட்டார்.

அதன் பிறகு ரேணுகா அழவில்லை. சோற்றைத் தொடவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "நான்தான் கொன்னுட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளும் பக்தவத்சலம் வந்தார். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் டீயைக் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், போன வருசம் உன் காலு ஒடிஞ்சிதே, நீ எந்த சாமிக்கு இன்னா பாக்கி வெச்சிருந்த?"

"அது வேறம்மா. பள்ளத்த வெட்டிட்டு ஒரு கம்பு கூட நடாம போயிட்டான். மூணு மனு குடுத்தேன். இன்னும் மூடல."

ரேணுகா தலையைத் தூக்கினாள்.

"எந்தப் பள்ளம் சார்?"

பக்தவத்சலம் காலி டம்ளரை வாயில் வைத்துக் குடித்தார்.

"அதே பள்ளந்தாண்டி" என்றாள் கன்னியம்மாள். "வேற எது கீது இங்க?"

ரேணுகா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். கன்னியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இருட்டும் நேரத்தில் ஒரு தட்டில் ரசம் சோறு பிசைந்து கொடுத்தாள். பாதி உள்ளே போனது.

பக்தவத்சலம் அதற்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "அந்தம்மா வாயில வந்து பேசுனது யாருன்னு நினைக்கிறீங்க? அம்மன்தான்" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அடுத்த துக்க வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும் கவனித்துப் பாருங்கள். வாய்க்குள் ஒரு வாக்கியம் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும். அதையும் செருப்போடு வெளியே விட்டுவிட்டுப் போகலாம். திரும்பி வரும்போது அங்கேயேதான் இருக்கும். அதை யாரும் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட மாட்டார்கள்.